இரும்புக் கப்பலின் பாய்மரங்கள்

என் மகன் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் கப்பல் மாதிரிகள் செய்கிறான். அப்போது அவன் விசா முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. கையில் இருக்கிற கப்பலை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் புதுப்பிக்கிறேன், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். ஷார்ஜாவில் அவனோடு இருந்தது நானும் மருமகளும். மருமகள் பெரிய பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து வைத்தாள்.

அது விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலப் போர்க்கப்பலின் மாதிரி. உடம்பைச் சுற்றிக் கனமான இரும்புத் தகடு. உள்ளே நீராவி எஞ்சின் இருந்தாலும், நிலக்கரி தீர்ந்தால் என்ன செய்வது என்று மூன்று உயரமான பாய்மரங்கள். மேலே பீரங்கியோடு சுழலும் இரண்டு இரும்புக் கூண்டுகள். எதிரியின் குண்டுக்கு எளிதில் அகப்படக் கூடாது என்று தளத்தைத் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகக் கட்டினார்களாம்.

"இவ்வளவு கனத்தையும் மேல வெச்சுக்கிட்டு எப்படிடா நிக்கும்?" என்று கேட்டேன்.

"அடியில ஈயம் இருக்கும்மா. கணக்குப் போட்டாச்சு" என்றான்.

பாய்மரக் கயிறுகள் கட்டுவது என் வேலை. ஆண்கள் நடுவே உட்காரக் கூச்சப்பட்டு வீட்டிலேயே கட்டிக் கொடுப்பேன். துபாய் தேரா கடைத்தெருவில் வாங்கிய நூலை ஒற்றையாகக் கட்டச் சொல்லியிருந்தான். அவனுக்கு நல்ல பேர் கிடைக்கட்டும் என்று நான் இரட்டையாக முறுக்கி, மெழுகு ஏற்றி, ஒரு முடிச்சு போதுமான இடத்தில் மூன்று போட்டேன். பட்டறையில் முதலாளியும் பார்வைக்காகக் கூண்டுகளைப் பித்தளையில் மாற்றச் சொன்னாராம். ஆளுக்குக் கொஞ்சம் கனம் ஏற்றினோம். ஈயம் மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது.

கொடுப்பதற்கு முதல் நாள் கடைசி முடிச்சுகளுக்காகக் கப்பல் வீட்டுக்கு வந்தது. மகன் டூட்டிக்கும் மருமகள் ஆபீசுக்கும் போனபின், மனசு கேட்காமல் குளியல் தொட்டியை நிரப்பி அதை இறக்கினேன். நின்றது. விரலால் ஒரு பக்கம் அழுத்தினேன். சாய்ந்து நிமிர்ந்தது. இன்னும் அழுத்தினேன். தளத்தின் ஓரம் தண்ணீருக்குள் போனதும் விரலை எடுத்தேன். நிமிரவில்லை. அவசரமே இல்லாமல் சாய்ந்துகொண்டே போனது. பாய்மரம் தண்ணீரைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டேன்.

துடைத்து ஃபேனுக்கடியில் காயவைத்தேன். மகன் வந்ததும் சொல்ல வாய் வரவில்லை. கேட்காமல் தண்ணீரில் விட்டதையும் சொல்ல வேண்டும், சொன்னபடி கட்டாததையும் சொல்ல வேண்டும். அவன் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள், வழியில் முடிச்சு அவிழ்ந்தால் போட வேண்டுமே என்று என்னையும் கூட்டிப் போனான். வாடிக்கையாளர் வயதான அரபி. கப்பலை அவர் வீட்டு நீச்சல் குளத்தில் மிதக்கவிட வேண்டும். மணலோடு காற்று வீசிக்கொண்டிருந்தது. மகன் குனிந்தான்.

"தம்பி, இறக்காதே. கவுந்துரும்" என்றேன்.

"அம்மா, சும்மா இருங்க."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று அரபி இந்தியில் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான்.

"நூலை ரெட்டையாக் கட்டிட்டேன்ப்பா. நேத்து தொட்டியில விட்டுப் பாத்தேன். ஓரம் முங்கினா திரும்ப மாட்டேங்குது."

அவன் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்குத் தெரிந்த இந்தியில் 'வஜன்', 'ஊப்பர்' என்ற இரண்டு வார்த்தைகள் காதில் விழுந்தன. மேலே கனம் என்று உள்ளதையே சொல்லிவிட்டான்.

அரபி அங்கியின் கையை மடித்து ஏற்றிக்கொண்டு, தானே கப்பலை இறக்கி, ஒரு பக்கம் அழுத்தினார். ஓரம் முங்கியது. கையை எடுத்தார். அது சாயச் சாய, மறு கையால் தாங்கிக்கொண்டார். நிஜக் கப்பலும் இப்படித்தானா என்று கேட்டாராம். இந்த வகைக் கப்பல் ஒன்று புயலில் கவிழ்ந்தது, கட்டும்போதே போட்ட கணக்கை மீறிக் கனம் ஏறியிருந்தது, பிழைத்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர் என்று மகன் சொன்னானாம்.

அவர் பாய்மரங்களின் மேல்பாதியைக் காட்டினார். மகன் மூன்றையும் என் கயிறுகளோடு கழற்றிக் கீழே வைத்தான். அவர் மறுபடி அழுத்தினார். ஓரம் முங்கியது. கையை எடுத்தார். கப்பல் மெதுவாக நிமிர்ந்தது.

"கலாஸ்", முடிந்தது என்று அரபியில் சொல்லி, எங்கள் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டார். கப்பலை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு வாரத்தில் கனமில்லாத மேல்மரங்கள் வேண்டும் என்றாராம்.

"மூணு முடிச்சு யாரும்மா போடச் சொன்னது?" என்று மகன் காரில் கேட்டான்.

அந்த வாரம் முழுக்க ஒற்றை நூலில் கட்டினேன். கை இன்னொரு முடிச்சுக்குப் போகும், நிறுத்திக்கொள்வேன். விசா கைக்கு வந்த அன்றுதான் மருமகள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.