தின்றவரும் மென்றவரும்

எங்கள் சந்துக் குழாயடியில் மண்டை உடைந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். 'தமிழர் – பர்மியர் கைகலப்பு' என்று இரண்டு வரி போட்டிருந்தார்கள்.

கைகலப்பாவது ஒன்றாவது! முனியம்மாவின் பித்தளைக் குடம் பர்மாக்காரி மா டின்னின் நெற்றியில் பட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்... அவ்வளவுதான். நாற்பது குடும்பத்துக்கு ஒரே குழாய் என்றால் நெற்றிகள் முட்டத்தானே செய்யும்?

ஆனால் அது நகரசபைத் தேர்தல் நேரம். வினை அங்கேதான் பிடித்தது.

இந்த ஊர்த் தேர்தல் சங்கதி உங்களுக்குத் தெரியும். இந்தியர் வோட்டர் ஜாபிதா தனி, பர்மியர் ஜாபிதா தனி. அவரவர் இனத்தாருக்கு மட்டுமே அவரவர் வோட்டு. அடுத்த இனத்தாரின் வோட்டு யாருக்கும் தேவையில்லை. தேவையில்லாதவனைத் திட்டுவதில் என்ன நஷ்டம்? மேடை ஏறியவர்களுக்கு அதைவிடச் சுலபமான பேச்சு கிடையாது.

நம் பக்கத்து அபேட்சகர் ஒரு மேஸ்திரியார். நெல் மில்லுக்கு ஆள் கட்டுகிறவர். "குழாய் தமிழ்ப் பெண்களுக்கே!" என்றார். பர்மியர் பக்கத்து அபேட்சகர் ஒரு வக்கீல். "குழாய் இந்த மண்ணின் பெண்களுக்கே!" என்றார். நடுவில் நகரசபை அதிகாரி ஒருவர், "கலகத்துக்குக் காரணம் குழாய். பிடுங்கிவிடலாம். பெரிய ரோட்டில் போய்ப் பிடித்துக்கொள்ளட்டும்" என்று எழுதி வைத்துவிட்டார். புதிய சபையின் முதல் கூட்டத்தில் முடிவு.

எனக்கு அப்போது மேஸ்திரியார் தயவில்தான் சோறு. முன்னால் நடந்து கோஷம் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. மௌல்மீன் மரவாடியில் கட்டை தூக்கியதற்கு இது எவ்வளவோ மேல். தொண்டை மட்டும்தான் வலிக்கும்.

இனி பாக்கியத்தக்கா. சந்து முனையில் மொஹிங்கா கடை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர், அம்மா பர்மாக்காரி. தமிழர்களுக்கு அவள் பாக்கியம். பர்மியர்களுக்கு மா ஹ்லா. மீன் குழம்புக் கடைக்குத் தண்ணீர்தான் உயிர். குழாய் போனால் கடை போகும். கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மேஸ்திரியார் வோட்டுக் கேட்டு வந்த அன்று அவள் பெஞ்சியைத் துடைத்து உட்கார வைத்தாள். சந்துப் பர்மியர்கள் பத்துப் பேர் சத்தமில்லாமல் வந்து சுற்றி நின்றார்கள். அரக்குத் தட்டில் லப்பெ வந்தது – ஊறிய தேயிலை, பொரித்த பூண்டு, எள்ளு.

"மேஸ்திரியாரே, குழாய் இங்கேயே இருக்கட்டும். ஒரு நா தமிழாளுங்க முதல்ல பிடிக்கட்டும், மறுநா பர்மாக்காரங்க. சரின்னா சாப்பிடுங்க" என்றாள். அதையே பர்மிய மொழியிலும் சொன்னாள்.

"அதுக்கென்ன தாயி! நீ குடுத்து வேணாம்பேனா?" ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "எலையப் போயி எண்ணெயில பெசைஞ்சு... நல்லாத்தான்யா இருக்கு!"

கூட்டத்தில் மூத்தவரான ஊ போ ஒரு சிட்டிகை எடுத்துத் தின்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாவ்பி பக்கம் அறுவடைக்குப் போயிருந்தபோது ஒரு மாட்டு வழக்கைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்புச் சொன்னதும் இரண்டு கட்சியும் லப்பெ தின்றார்கள். தின்றால் தீர்ந்தது, பிறகு மாற்றிப் பேசுகிறவன் மனிதனே இல்லை. மேஸ்திரியாருக்கு இது தெரியாது. சொல்லியிருக்க வேண்டும், அவர் சோற்றைத் தின்கிறவன்...

சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வக்கீல் வந்தார். அதே பெஞ்சி. சுற்றி நின்றவர்கள் மட்டும் தமிழ்ப் பெண்கள், முன்வரிசையில் முனியம்மா. அதே பேச்சை அக்கா இரண்டு மொழியிலும் சொல்லி, பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டினாள். நாளெல்லாம் வெற்றிலை மெல்லுகிறவர் அவர். மறுப்பாரா? எடுத்து மடித்து, சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சபையில வெத்தல வாங்கிட்டாருடி!" என்று முனியம்மா பக்கத்திலிருந்தவளைக் கிள்ளினாள்.

இருவரும் ஜெயித்தார்கள். போன வாரம் முதல் கூட்டம். நான் மேஸ்திரியாரின் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். குழாய் விஷயம் வந்தது. "தமிழ்ப் பெண்களின் மானம்..." என்று அவர் எழுந்தார்.

வேடிக்கை பார்ப்போர் வரிசையில் ஊ போ உட்கார்ந்திருந்தார். மடியில் அரக்குத் தட்டு. மூடியை மட்டும் திறந்தார்.

மேஸ்திரியார் என் பக்கம் சாய்ந்தார். "என்னய்யா அது?"

"அன்னிக்கு நீங்க தின்ன லப்பெங்க. தின்னா ஒப்புக்கிட்டதா அர்த்தம்."

"அதை ஏண்டா அப்பவே சொல்லல, படுபாவி?"

"இப்ப சொல்றேனுங்களே. மாத்திப் பேசினா நாளைக்கு ஒரு பர்மாப் படகுகூட உங்க மில்லுத் துறையில நெல் இறக்காது."

எதிர் வரிசையில் வக்கீலும் எழப் போனார். வேடிக்கை பார்ப்போர் வரிசையிலிருந்து முனியம்மா ஒரு வெற்றிலையைக் காம்போடு உயர்த்திப் பிடித்தாள். அவரிடம் வழக்குக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். குமாஸ்தா அவர் காதில் ஏதோ சொன்னார். மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

குழாய் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். மேஸ்திரியார் கையும் வக்கீல் கையும் ஒன்றாக எழுந்தன. திருடனைத் திருடன் பார்ப்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாய் தப்பியது.

என் ஒரு வேளைச் சோறு அன்றோடு போயிற்று. போகட்டும். பட்டினி எனக்குப் பழகிய ஊர்தான். எத்தனையோ ஊரில் எத்தனையோ தலைவர்களுக்குக் கோஷம் போட்டிருக்கிறேன். அடுத்த இனத்தாருக்கும் பதில் சொல்லும்படி ஒரு தலைவரை உட்கார வைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

ஓடிப் போய்ச் செய்தி சொன்னேன். அக்கா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அப்பிடியா? நல்லது. இந்தா, சாப்பிடு" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

"ஆமா, ரெண்டு பேர்ல நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"எனக்கு ஏதுடா வோட்டு? இந்தியர் ஜாபிதாக்காரன் 'உங்கம்மா பர்மாக்காரி, அங்க போ'ன்னான். அங்க போனா 'உங்கப்பன் கலா, இந்தியாக்காரன், இங்க ஏன் வந்தே'ன்னான். ரெண்டுலயும் பேரு இல்ல."

இந்த ஊரில் இரண்டு இனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மெம்பர்தான் உண்டு... அவருக்கு வோட்டுக் கிடையாது!