குணசேகரன் அண்ணன் கேட்ட பலகைகள்

குணசேகரன் அண்ணன் இறந்துவிட்டார்.

இன்று காலை பழைய சைட் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்த ஒற்றை வரி. நேற்று வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவருக்கு நெஞ்சுவலி... ஆட்டோ திண்டிவனம் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே சேஃப்டி ஆபீசர். நான் சைட் ஆபீஸில் டாக்குமென்ட் பார்ப்பவள்.

சாரம் கட்டும் வேலையில் தொடங்கி, தபால் வழியில் டிப்ளமோ படித்து அந்த இடத்துக்கு வந்தவர்.

ஹெட் ஆபீஸிலிருந்து பாதுகாப்பு விதிகள், ட்ரெயினிங் பிபிடி எல்லாம் கட்டுக் கட்டாக வரும். அத்தனையும் இங்கிலீஷ். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அதை ஆட்களுக்குப் புரிகிற மாதிரி பேசுவது அவர் வேலை.

காலையில் பத்து நிமிடம் பேசுவார். யாரும் நிற்க மாட்டார்கள். அப்புறம் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவர ஆரம்பித்தார். பேச்சு முடிந்த பிறகுதான் மூடியைத் திறப்பார். தமிழ் தெரியாத பீகார் ஆட்கள்கூட முதல் வரிசையில் நின்றார்கள்...

ஒருநாள் சித்தாள் வேலை செய்த அக்கா ஒருவர் அவரிடம் கேட்டார். தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்குகிறவள் ஹெல்மெட்டை எங்கே மாட்டுவது என்று.

அண்ணன் விதிப் புத்தகம் முழுக்கப் புரட்டிப் பார்த்தார். அதில் இல்லை. என்னை உட்கார வைத்து, அந்தக் கேள்வியை அப்படியே ஹெட் ஆபீஸுக்கு மெயிலாக டைப் பண்ண வைத்தார்.

பதில் வந்தது. ஹெல்மெட் அனைவருக்கும் கட்டாயம் என்று.

அடுத்து மழை மாதம். குழாய் பதிக்க ஆள் உயரத்துக்கும் மேல் பள்ளம் எடுத்தார்கள். ஈர மண். பக்கங்களில் பலகை வைத்து முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று அண்ணன் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார். பலகை கேட்டு மேனேஜருக்குக் கடிதமும் கொடுத்தார். அதை ஃபைலில் போட்டது நான்தான்.

பலகையெல்லாம் மாடி கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங்கில் இருக்கிறது, பிரிக்கும்போது பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

அந்த வாரம் ஆடிட். பள்ளத்தைச் சோதித்தாயிற்று, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று என்று ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும். நானே எல்லாப் பெயர்களையும் எழுதி, கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன்.

"பலகையே வரலியேம்மா... வந்தப்புறம் இவங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு போடறேனே" என்றார்.

"ஆடிட் முடியட்டும்ணா. எனக்குத்தான் திட்டு விழும்."

என் முகத்தைப் பார்த்தார். போட்டுவிட்டார்.

மறுநாள் அவரை விழுப்புரம் சைட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில், பலகை இல்லாமலே ஆட்களை இறக்கினார்கள்.

மண் சரிந்தது. வேலு என்பவரைத் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை. கோலியனூர்க்காரர். அவர் மனைவி அதே சைட்டில், அந்தப் பக்கம் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்.

அன்று மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பலகைக் கடிதம் ஃபைலில் இருக்கக் கூடாது என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே கிழித்தார்.

போலீஸுக்கு ரிஜிஸ்டர் மட்டும் போனது. கம்பெனி எல்லாம் செய்திருக்கிறது, சேஃப்டி ஆபீசர்தான் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று ஆனது. அண்ணன் மேல் கேஸ். வேலையும் போயிற்று. அப்புறம் எந்த கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. ஊரில் அடுத்தவர் வயலில் கூலி வேலைக்குப் போனார்.

கடிதம் கொடுத்ததாக வக்கீலிடம் சொல்லியிருக்கிறார். நகல் எங்கே என்று கேட்டார்களாம். அவரிடம் இல்லை.

விழுப்புரம் கோர்ட்டில் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். இது யார் கையெழுத்து என்றார்கள். அவருடையது என்றேன். அவ்வளவுதான் கேட்டார்கள். நானும் அவ்வளவுதான் சொன்னேன்.

வெளியே வராந்தாவில் வேலுவின் மனைவி அண்ணனை மறித்தார்.

"பள்ளம் நல்லாக்கீதுன்னு நீதான் கையெழுத்துப் போட்டியாமே?"

"ஆமாம்மா. நான்தான் போட்டேன்."

நான் நாலு எட்டு தள்ளி நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், அவரே வந்து பேசினார். இப்போது எங்கே வேலை என்று விசாரித்தார். வேறு கம்பெனி, அதே வேலை என்றேன்.

"அங்க பள்ளம் எடுத்தா பலகை வெக்கிறாங்களாம்மா?"

"வெக்கிறாங்கண்ணா."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார்.

வைப்பதில்லை. போன வாரம்கூட, நடக்காத பயிற்சிக்கு நான் பெயர் எழுதினேன்.

கேஸ் முடியவே இல்லை. இனி, ஆள் இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். காலையில் வேலுவின் மனைவிக்காவது உண்மையைச் சொல்லலாம் என்று போன் போட்டேன். அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

இதை எழுதினால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன். அவருக்கு இனி இதனால் எதுவும் ஆகப்போவதில்லை.

நாளைக் காலை ஓமந்தூரில் அடக்கம். பழைய சைட் ஆட்கள் முடிந்தால் போங்கள். அந்த வீட்டு வாசலில் நான் எப்படிப் போய் நிற்பது... தெரியவில்லை.

போய் வாங்கண்ணா.