பாறை திருப்பி வாசித்த பாட்டு

இது நடந்தது. இட்டுக்கட்டிய சங்கதி என்று நினைப்பவர்கள் அன்றைக்குச் சவரிநாதனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் பொய்யே பேசாத உத்தமன் என்று வாதாட நான் வரவில்லை. ஒரு பொய் சொன்னான். வந்த வினை முழுவதும் அதனால்தான்.

1957, ஏப்ரல். காரைக்கால் மாதா கோயில் பாட்டுக்குழுவில் சவரிநாதன் ஆர்மோனியம், அவன் கூட்டாளி சூசைராஜ் வயலின். கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்கு, சீசன் முடியும்வரை வயலின் வாசிக்க ஆள் வேண்டுமென்று சூசைராஜுக்குக் கடிதம் வந்தது. வந்த வாரமே அவன் விஷக்காய்ச்சலில் நினைவு தப்பிப் படுத்துவிட்டான். சவரிநாதனுக்கும் வயலின் சுமாராக வரும். நம்மையும் நாலு பெரிய மனிதர்கள் கேட்கட்டுமே என்ற ஆசை அவனை விடவில்லை.

“வயலின எடுத்துக்கிட்டு என்னைப் போகச் சொன்னான் தங்கச்சி. காலையில கொஞ்சம் நெனவு வந்தப்ப சொன்னான்,” என்றான் சூசைராஜின் மனைவி டெய்சியிடம்.

வயலினைத் தூசி தட்டக்கூட அவளை விடாத மனுஷன் சூசைராஜ். “அவரா சொன்னாரு?” என்றாள். பிறகு, “சரிண்ணே, பத்திரம்,” என்று பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சூசைராஜ் கண்ணே திறந்திருக்கவில்லை. பாவி, கட்டிலருகே நின்றுகொண்டே அந்தப் பொய்யைச் சொன்னான்!

மலையில் எதிரொலிப் பாறை என்று ஓர் இடம். விளிம்பில் நின்று ஒரு வரி வாசித்தால், மூன்று நொடி கழித்து எதிர்மலை அதை அப்படியே திருப்பித் தரும். ஓட்டலுக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. கைடு முத்தையன் அவர்களைக் கூட்டி வருவான், சவரிநாதன் வாசிப்பான்.

அன்று பெரிய வெள்ளி, ஆண்டவர் சிலுவையில் மூன்று மணிக்கு உயிர்விட்ட நாள். கத்தோலிக்கர்கள் வாத்தியம் தொடாத நாள். கோயிலில் மணிகூட அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சவரிநாதனும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான்.

“மெட்ராஸ்காரங்க ஆசையா வந்திருக்காங்க. ஒரே ஒரு பாட்டு சார். யாரு பாக்கப் போறாங்க?” என்றான் முத்தையன்.

துக்கப் பாட்டாக வாசித்தால் ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என்று இவனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்த ஊரில் அன்று வேறு எந்தக் கத்தோலிக்கனும் வில்லைக் கையில் எடுத்திருக்கமாட்டான்.

மதியம் மணி இரண்டு ஐம்பது. நல்ல வெயில்.

முதல் வரி. மூன்று நொடி. திரும்பி வந்தது.

இரண்டாம் வரி. ஐந்து நொடி ஆயிற்று. “மேகம் எறங்குது, அதான்,” என்றான் முத்தையன்.

மூன்றாம் வரி வந்தபோது, கடைசிச் சுரத்தை மலை ஓர் இழுப்பு கூடுதலாக இழுத்தது. சவரிநாதன் அப்படி இழுக்கவில்லை. அது சூசைராஜின் இழுப்பு. அதற்காகப் பங்குச் சாமியாரிடம் அவன் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறான்.

சவரிநாதன் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டான்.

எதிரே... பாட்டு நிற்கவில்லை.

நான்காம் வரி. இவன் வாசிக்காத வரி.

“நிறுத்துங்க சார்...”

“நான் வாசிக்கல...”

வெயில் போயிற்று. பனி மூடிற்று.

சத்தம் நகர்ந்தது. கிட்டே... இன்னும் கிட்டே... பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில்.

மணி மூன்று.

ட்டங்...

தந்தி அறுந்த சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

சவரிநாதன் கையிலிருந்த வயலினைப் பார்த்தான். நான்கு தந்திகளும் அறாமல் இருந்தன.

ஊரிலிருந்து தந்தியோ கடிதமோ வரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, ஈஸ்டர் ஞாயிறு காலையில் காரைக்கால் வந்து சேர்ந்தான். சூசைராஜை முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டார்கள். டெய்சி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்திரிச்சு ஒக்காந்தாருண்ணே. கண்ணு தொறக்காமக் கெடந்தவரு. வெறுங்கையில வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. மூணு மணிக்குக் கை விழுந்துருச்சு.”

சவரிநாதன் காலியான கட்டிலைப் பார்த்தான்.

“குளிப்பாட்டுறப்ப பாத்தேன். எடது கையில நாலு வெரல் நுனியும் தந்தி அறுத்தாப்புல கிழிஞ்சிருந்துச்சு. பச்சை ரத்தம். வீட்டுல வயலினே இல்லையேண்ணே...”

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. வயலின் பெட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டு அழுதான்.

“அவன் சொல்லல தங்கச்சி. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்.”

டெய்சி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“தெரியும்ணே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா சவரின்னு மூணு தடவ சொல்லிட்டுத்தான் போனாரு.”