சூம் இல்லாத லென்ஸ்

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவென்றாலும் கழுத்தில் கமராவோடு ஒரு பெண் வந்து நிற்பாள். பெயர் ஜெயந்தினி. படத்துக்கு நிற்பவர்களை அவள் அதட்டமாட்டாள், சிரிக்கவும் சொல்லமாட்டாள். முகம் தன்னால் இளகட்டும் என்று காத்திருப்பாள். கணவன் ஜீவராஜ் த்ரீவீல் ஓட்டுகிறவன். தூரத்துக் கல்யாணமென்றால் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவான்.

படிப்பை முடித்த கையோடு ஹட்டனில் மஃறூப் என்பவரின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்த காலம் அது. மஃறூப் தன் பழைய பிலிம் கமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதன் லென்ஸை மட்டும் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஐம்பது எம்.எம். லென்ஸ். நடுவில் ஒரு வளையம் போட்டால் டிஜிட்டல் கமராவிலும் மாட்டலாம். ஃபோகஸை மட்டும் கையால்தான் திருக வேண்டும்.

"நல்ல கண்ணாடி தங்கச்சி. ஆனா சூம் கிடையாது. கிட்டப் பாக்கணும்னா நீதான் நடந்து கிட்டப் போகணும்" என்றார்.

தனியாக எடுக்கப் போன முதல் கல்யாணத்திலேயே அவள் ஒரு பாடம் படித்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஒரு சின்னக் காம்பரா அறைக்குள் பத்துப் பேர். எல்லோரும் விழ வேண்டுமே என்று சூம் லென்ஸை முழுக்க அகலத்துக்குத் திருப்பி எடுத்துவிட்டாள். படத்தின் ஓரத்தில் நின்ற, கல்யாணப் பெண்ணின் அத்தைக்குக் கன்னம் ஒருபக்கமாகப் பூசணிக்காய் போல் இழுபட்டிருந்தது. "ஏ புள்ள, என்னைய எதுக்கு இப்புடி ஊதி வச்சிருக்க?" என்று அந்தம்மா ஆல்பத்தை மூடவே விடவில்லை. அதற்குப் பிறகு அகல லென்ஸ் பந்தலுக்கும் கூட்டத்துக்கும்தான் என்றாகிவிட்டது. அப்போதும் ஓரத்தில் யாரையும் நிறுத்தமாட்டாள். முகம் எடுக்க ஐம்பதுதான். காம்பராவுக்குள் இடம் போதாவிட்டால் வாசலைத் தாண்டி, தண்ணீர்க் கானுக்கு அந்தப் பக்கம் போய் நின்று எடுப்பாள். மூக்கு மூக்காகவும் காது காதாகவும் விழும்.

மலைநாட்டு ஈரம் லென்ஸுக்கு ஆகாது. கொஞ்சம் அசந்தால் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்துவிடும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் போட்டு, அதற்குள்தான் லென்ஸ்களை வைப்பாள். வெயில் எட்டிப் பார்த்தால் துணி காயப்போடும் முன்னே லென்ஸைத்தான் வெயிலில் வைப்பாள் என்று ஜீவராஜ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஒருநாள் காலை, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு மெல்லச் சொன்னாள்: "ரெண்டாம் நம்பர் மலையில நெலம் வாய் தொறந்திருக்கு. என் கூடையே உள்ள போயிரும் போல."

ரெண்டாம் நம்பர் மலை, ஜெயந்தினியும் அம்மாக்கண்ணுவும் குடியிருந்த கீழ் லயத்துக்கு நேர் மேலே. ஆண்கள் ஏறிப் பார்த்தார்கள். பழைய வெடிப்பு என்றார்கள் சிலர், புதுசு என்றார்கள் சிலர். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கந்தப்பனும் வந்து பார்த்தார். "நான் வந்த காலத்துல இருந்து இது இருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயந்தினிக்கு மனம் ஆறவில்லை. அடுத்த லயத்து மேசன் கிஷாந்த் முன்னால், அந்த வெடிப்பைச் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை நீட்டினாள். "பாரு, அகண்டிருக்கு."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டாவதுல சூம் பண்ணி எடுத்திருக்கீங்கக்கா. மரமும்தான் பெருசாத் தெரியுது."

அவள் மறுபடி பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். லென்ஸைத் திருப்பியதிலும் நின்ற இடத்திலும் வித்தியாசம் இருந்தது. இந்தப் படங்களை வைத்து யாரிடமும் எதையும் சொல்ல முடியாது.

மறுநாள் அவள் டப்பாவிலிருந்து ஐம்பதை எடுத்தாள். லயத்துக்கு எதிர் மேட்டில் மாரியம்மன் கோயில். அதன் சிமெந்துத் தரையில் கமரா ஸ்டாண்டை நிறுத்தி, மூன்று காலுக்கும் சிவப்புப் பெயின்டால் பொட்டு வைத்தாள். ஸ்டாண்டின் உயரம் மாறாதபடி அடையாளம் போட்டாள். ஃபோகஸ் வளையம் அசையாமல் டேப் ஒட்டினாள். கிட்டத்ததும் தூரத்ததும் தெளிவாக விழும்படி லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினாள். படத்தின் கீழ் மூலையில் யானைக்கல் என்று எல்லோரும் சொல்லும் கரும்பாறை விழ வேண்டும், மேலே நிழல் மரங்கள் விழ வேண்டும். பனிமூட்டம் விலகும் காலைகளில் ஒரு படம். விலகாத நாட்களில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவாள்.

"மலைக்கே கல்யாண ஆல்பம் போடுறியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் படம் எடுப்பதை விடவில்லை.

சில படங்கள் சேர்ந்ததும் ஹட்டனுக்குப் போய், ஸ்டூடியோ கணினியில் முதல் படத்தின் மேல் கடைசிப் படத்தைப் பாதி தெரியும்படி வைத்தாள். பாறை பாறைமேல் அச்சாக உட்கார்ந்தது. மரங்கள் உட்காரவில்லை. ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும், சற்றுக் கீழே, சற்றுச் சாய்ந்து, இன்னொரு மரம் நின்றது. அவள் மஃறூபைக் கூப்பிட்டாள்.

மஃறூப் குனிந்து பார்த்தார். "ஸ்டாண்ட் அசைஞ்சிருக்குமோ?"

"அசைஞ்சிருந்தா பாறையும் அசைஞ்சிருக்கணுமே, மஃறூப் நானா."

அவர் பாறையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்து, மழை படாமல் உறை போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலையே கந்தப்பனிடம் போனாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "தெனம் அந்த மலையிலதான் நிக்கிறேன். எனக்குத் தெரியலையேம்மா."

"தெனம் பாக்குறதாலதான் ஐயா தெரியல. புள்ள வளர்றது பெத்தவளுக்குத் தெரியுதா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு தனியாக மேலே ஏறினார். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தோட்டத்துத் துரைக்குச் சொன்னார். துரை நுவரெலியாவில் இருக்கும் மண்சரிவு அலுவலகத்துக்குச் சொன்னார். மறுநாள் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினாள். எந்த லென்ஸ், எங்கிருந்து எடுத்தது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே வந்தவள், கோயில் தரையில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டதும் நின்றாள். தானே அந்த இடத்தில் நின்று மலையைப் பார்த்தாள். பிறகு வெடிப்பு வரைக்கும் ஏறிப் போய் வந்து, கீழ் லயத்து ஆட்கள் உடனே பாடசாலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

லேசில் யாரும் கிளம்பவில்லை. ஆடு, கோழி, சாமி படம், அரிசி என்று ஆளுக்கொரு சாக்கு. அம்மாக்கண்ணு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பொறந்த காம்பரா. நான் வரல."

ஜெயந்தினி அவளருகே உட்கார்ந்து அச்சுப் படங்கள் இரண்டையும் மடியில் விரித்தாள். "பெரியம்மா, நீங்க உக்காந்து சோறு திங்கிற மரம் எது?"

அம்மாக்கண்ணு விரலை வைத்தாள்.

"இப்ப இந்தப் படத்துல காட்டுங்க."

விரல் கீழே இறங்கியது. அம்மாக்கண்ணு எழுந்து உள்ளே போய், காமாட்சி விளக்கைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் கிளம்பியதும் மற்றவர்களும் கிளம்பினார்கள்.

அவர்கள் பாடசாலைக்குப் போன மூன்றாம் நாள் மதியம், பெரிய அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, லொறி நிறையக் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். ரெண்டாம் நம்பர் மலையில் பாதி, மரமும் தேயிலையுமாகச் சேறாக வழிந்து இறங்கியது. கீழ் லயத்தின் கூரைத் தகரங்கள் ஒருமுறை மேலே எழும்பின, பிறகு தெரியவில்லை. கமரா ஜெயந்தினியின் கழுத்தில்தான் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. அம்மாக்கண்ணுவைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வீடுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

கிஷாந்த் அவளைத் தேடி வந்து தலையைச் சொறிந்தான். "அக்கா, அன்னைக்கி நான் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க."

"நீ சொல்லாட்டி நான் சூம்லயே எடுத்துக்கிட்டு இருந்திருப்பேன்டா" என்றாள் ஜெயந்தினி. யார் கேட்டாலும் அவள் அப்படியே சொல்வாள். தான் கண்டுபிடித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் குடும்பங்கள் இன்னும் தகரக் கொட்டில்களில்தான் இருக்கின்றன. வீடு கட்டக் காணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் ஜீவராஜுக்கும் அங்கேதான் ஒரு அறை. கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

தை பிறந்ததும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலாயி என்பவள் இரண்டு பெண்களோடு வந்தாள். அவர்களுடைய லயத்துக்கு மேலேயும் ஒரு வெடிப்பு. ஜெயந்தினி அங்கே போனாள். அசையாத ஒரு பாறையையும் சில மரங்களையும் பார்த்து வைத்தாள். மலைக்கு எதிரே இருந்த ஒரு சுவரில் பலகையை அறைந்து, கைபேசி அசையாமல் பொருந்தும்படி ஆணிகள் அடித்தாள்.

"எங்களுக்குப் படம் புடிக்கவே தெரியாதேம்மா" என்றாள் வேலாயி.

"அழகா எல்லாம் எடுக்க வேணாம். இதுல வச்சு அமுக்குனா போதும். ரெண்டு வெரல வச்சுப் பெருசாக்க மட்டும் கூடாது, சரியா?"

வேலாயி கைபேசியை ஆணிகளுக்கு நடுவே வைத்தாள். மலையை மூடியிருந்த பனி கொஞ்சம் விலகட்டும் என்று நான்கு பேரும் சுவரில் சாய்ந்து காத்து நின்றார்கள்.