கண்மலர்க் கடைக்கு எதிரே

அமாவாசைக்கு அமாவாசை எங்கள் அத்தை மேல்மலையனூருக்குப் பஸ் ஏறுவாள், துணைக்கு நான். சின்ன வயதில் கண்ணில் புண் வந்தபோது, வேண்டுதல் முடியட்டும் என்று வீட்டில் காத்திருந்ததில் இரண்டு கண்ணும் போனவள். ஊரே சாமி கும்பிடப் போகும், அவள் போவது ஆள் பிடிக்க. கண் கோளாறு உள்ளவர்கள் அம்மனுக்குச் சாத்தக் கண்மலர்த் தகடு வாங்கும் கடைக்கு எதிரே நின்றுகொள்வாள். யாருக்கு, என்ன கோளாறு என்று விசாரித்து, திண்டிவனத்திலிருந்து வரும் இலவசக் கண் சிகிச்சை வேனில் ஏற்றிவிடுவாள்.

கடைக்காரருக்குப் பெரிய பேஜாரு. "ஏம்மா, என் பொழப்பக் கெடுக்கவா வர்றீங்க?" என்பார்.

"வாங்க வேணான்னா சொன்னேன்? ஆத்தாவுக்குச் சாத்திட்டு வேன்ல ஏறட்டும்" என்பாள் அத்தை.

ஒருமுறை ஒரு மாமியாரும் மருமகளும் கைக்குழந்தையோடு வந்தார்கள். பையனுக்குக் கண்மணி இரண்டும் வெள்ளை. நான்தான் பார்த்துச் சொன்னேன். இப்போதே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிறகு செய்தும் பிரயோசனமில்லை என்றாள் அத்தை. மருமகள் தயாராகத்தான் இருந்தாள். மாமியார் அசையவில்லை. "இன்னும் ரெண்டு அமாவாசை வேண்டுதல் பாக்கி இருக்குது. நடுவுல கத்தி வச்சா தெய்வக்குத்தமாயிடும்."

"எங்கம்மாவும் இப்படித்தான் காத்துக்கினு இருந்தாங்க" என்றாள் அத்தை. அதற்கும் மசியவில்லை. வேன் ஹாரன் அடித்தது. நிறுத்தச் சொல்லி அத்தை என்னை ஓடவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது, மாமியாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாளோ, மூவரும் வந்து ஏறினார்கள்.

அடுத்த அமாவாசைக்கு அத்தையே கண்மலர் வாங்கிச் சாத்தினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்க் கண்ணுக்கெல்லாம் அலைந்தவள் இப்போதாவது தனக்கு வேண்டிக்கொண்டாளே! மறுநாள் காலை அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன்.

"விசிறினது போதும்டி" என்றாள்.

அதற்கடுத்த அமாவாசைக்கும் வாங்கினாள். அன்றைக்கு அந்த மருமகள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையனுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அத்தை கையில் மின்னிய தகட்டைப் பார்த்ததும் எட்டிப் பிடித்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம். "விடு, இது எங்க அத்தையோட கண்ணு" என்று பிடுங்கினேன்.

அத்தை சட்டென்று நின்றுவிட்டாள். "எட்டிப் புடிச்சானா? அவனாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "குடுத்துடுடி. அது அவனுக்கு வாங்கினதுதான்."

வாங்கியது அத்தை, வேண்டிக்கொண்டது அத்தை, அது எப்படி அவனுக்கு என்று, பஸ் ஊர் வந்து சேரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.