ஐஸ் பெட்டியில் தூங்கிய டைபாய்டு

மாதா மாதம் டைபாய்டு கிருமியைப் பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்றுவதுதான் என் உத்தியோகம். ராயபுரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். தடுப்பூசியைச் சோதிக்க அந்த ஒரு வம்சம்தான் வேண்டும், அது சாகக்கூடாது. நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஆனால் கிருமியை எடுக்கும் கம்பியை நெருப்பில் காட்டாமல் தொட்டால் போச்சு, ஊர்க் கிருமியெல்லாம் உள்ளே குடியேறிவிடும். என் குழாயில் ஒருநாளும் குடியேறியதில்லை. தங்கை கல்யாணத்தன்றுகூட மாதா கோவிலிலிருந்து நேரே வேலைக்குத்தான் போனேன்.

அப்போதுதான் கப்பலில் ஒரு ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. "ஆடை எடுத்த பாலில் கிருமியைக் கலந்து உறைய வைத்தால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்குமாம்" என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது. என் கை இருக்கும்போது பெட்டி எதற்கு? ஆனாலும் அரைகுறை வேலை எனக்கு வராது. ஒவ்வொரு குழாயையும் நானே நிரப்பி, வாயை நெருப்பில் உருக்கி மூடினேன். பழைய முறையையும் விடவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மா சிரித்தாள்.

"இன்னாடி, ஐஸ்ல வெச்ச வஞ்சிரமே நாலு நாள்ல நாறிப்பூடுது. பூச்சி மட்டும் ஷோக்கா இருக்குமா?"

சில வருஷம் கழித்து, நான் மாற்றி மாற்றி வளர்த்த கிருமி காலை வாரியது. சோதனைத் தட்டில் வழவழப்பாக வளர வேண்டியது சொரசொரவென்று வளர்ந்தது.

"உன் கை சுத்தமில்லை. வேறு கிருமி சேர்ந்துவிட்டது. இனி வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பெட்டியில இருக்கிறதையும் வளர்த்து, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார். அப்புறம் பேசுங்க."

மறுநாள் காலையில் பார்த்தால், பெட்டியிலிருந்து வந்தது முதல் நாள் போலவே வழவழவென்று உட்கார்ந்திருந்தது. எல்லாச் சோதனையிலும் இரண்டும் அதே டைபாய்டுதான், வேறு கிருமி ஒன்றுகூடக் கிடையாது. குழாய் மாறி மாறி வளர்ந்தது மட்டும் குணம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"தப்பு உன் கையில் இல்லையம்மா. வம்சத்தைக் காப்பாற்றியதும் உன் கைதான்" என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை விட்டதும் காசிமேட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் அம்மாவின் மீனை முகர்ந்து முகம் சுளித்தார். அம்மா விடுவாளா?

"இன்னா மோந்து பாக்குற? எம் பொண்ணு ஐஸ்ல வெச்ச டைபாய்டு பூச்சியே வருசக்கணக்கா கெடாம கீது. காலைல வந்த மீனு கெட்டுப்பூடுமா?"

மனிதர் மீனைப் போட்டுவிட்டு ஓடியே போனார். அம்மா அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னாள்.