நமக்கு யாரும் இல்லாத ஊர்

சிங்கப்பூரா, பாங்காக்கா என்பது என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி. பதில் சொல்ல மட்டும் வீடே திரண்டு வந்தது. நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறேன். ஐந்து நாள், என் சம்பளத்தில், தனியாக. இதில் எந்த வார்த்தை இவர்களுக்குப் புரியவில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கடைசி வார்த்தைதான் என்று பிறகு தெரிந்தது.

ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். தலையில் பாதி நரைத்துவிட்டது, கண்ணாடி பவர் வருஷா வருஷம் ஏறுகிறது, ஆனாலும் வீட்டில் எனக்குப் பெயர் பாப்பாதான். பாப்பாவுக்கு என்ன தெரியும், பாப்பாவை அனுப்பு, பாப்பா சும்மாதானே இருக்கிறாள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, வேலை கொஞ்சம் இளகும். அதனால் ஆடியில் போவது என்று முடிவுசெய்தேன். உண்மையில் இரண்டு ஊருமே பிடித்திருந்தது. சிங்கப்பூரில் ராத்திரி வெளிச்சமும் மரங்களும் அழகு. தமிழில் வழி கேட்கலாம். பாங்காக்கில் ஆற்றில் படகு ஓடுகிறது, நம் டவுன் பஸ் மாதிரி நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு. எங்கள் கமண்டல நாக நதியில் வருஷத்தில் பாதி நாள் மணலைத்தான் பார்க்க முடியும். ஆபீசுக்குப் படகில் போகிறவர்களைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. எது என்று தீர்மானிக்க முடியாமல் ஒருநாள் அடுப்படியில் நின்று அண்ணியிடம் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணியின் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்து இருபது நாள்தான். அவ்வளவுதான், ஊர் முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க வர்றது நல்லதாப் போச்சு. பெரியவன ஸ்கூலுக்கு இட்டுகினு போக ஆளே இல்ல. அஞ்சு நாள் தானா? பத்து நாளாப் போடுங்களேன்."

நான் இன்னும் டிக்கெட்டே போடவில்லை. பார்சல்கள் வந்துவிட்டன. பிரசவ லேகியம், மருந்துப் பொடி, உரித்த பூண்டு ஒரு பை, பால் சுறாக் கருவாடு, தங்கையின் பக்கத்து வீட்டுக்காரிகள் சொல்லிவைத்த பட்டுச் சேலைகள். அரிசிகூட. சிங்கப்பூர்க் கடையில் அரிசி கிடைக்காதா என்று கேட்டேன். "நம்ம ஊரு மில்லு அரிசி மாதிரி வருமா?" என்றார் அண்ணன். வராதுதான். அதற்கு நானா லாரி?

அண்ணன் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் நிறுத்துக் கொடுக்கிறவர். நூல் நிறுக்கும் தராசிலேயே என் பெட்டியையும் தூக்கி வைத்தார். விமானத்தில் அனுமதிக்கும் எடையைத் தொட்டுக்கொண்டு முள் நின்றது. நூல் சரியாக இருந்தால் தலையை ஆட்டுவாரே, அப்படி ஒரு தலையாட்டல்.

"அண்ணா, என் துணி இன்னும் வைக்கவே இல்ல."

"உனுக்கு இன்னாத்துக்குத் துணி? அங்க அவ நைட்டி இல்லாமயா பூடும்? போட்டுக்கோ."

அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டிப் போய் இன்னொருத்தியின் நைட்டியை மாட்டிக்கொண்டு பூண்டு வதக்குவதற்கா நான் இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்? பெட்டியைத் தராசிலிருந்து இறக்கி, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து நடு வீட்டில் வைத்தேன். லேகியத்தையும் சேலையையும் கூரியரில் அனுப்புகிறேன், நான் பாங்காக் போகிறேன் என்றேன். அங்கேயே நின்றபடி போனில் டிக்கெட்டும் போட்டேன்.  

"பாங்காக்கா? பொம்பள தனியாப் போற ஊரா அது? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"போன வருஷம் எதுத்த வீட்டுக்காரரு சிநேகிதக்காரங்களோட போயிட்டு வந்தாரே. அவர எந்த நாலு பேரு பேசுனாங்க?"

"அவரு கோயிலு பாக்கப் போனாரு."

"நானும் கோயிலே பாத்துக்கிறேன்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணி பூண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். பிள்ளை பெற்றவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. லேகியம் நான் கிளம்புவதற்கு முன்பே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. கருவாட்டைக் கூரியர்காரர் தொடவே மாட்டேன் என்றார். அதை நாங்களே குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

பாங்காக்கில் முதல் நாளே படகில் ஏறினேன். தண்ணீர் முகத்தில் தெறித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் ஆபீஸ் பையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் யார் வீட்டுப் பெண், ஏன் கல்யாணம் ஆகவில்லை, சாப்பிட்டாயிற்றா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆரணியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சாயங்காலம் வழி தவறித் தெருத் தெருவாகச் சுற்றினேன். போன் சார்ஜ் போய்விட்டது. பயந்துவிட்டேன், பொய் சொல்வானேன். தெருவோரக் கடையில் பெயர் தெரியாத நூடுல்ஸ் ஒன்றைக் கண்ணில் நீர் வர வரத் தின்றேன். பாதி காரம், பாதி சந்தோஷம். அந்த ஐந்து நாளும் எனக்கு என் பெட்டியை மட்டும் தூக்கினால் போதுமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் அண்ணி காபியோடு மாடிக்கு வந்தார். போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். படகு வந்ததும் விரல் நின்றுவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி போன ஊரெல்லாம் யாருக்காவது பிரசவம் பார்க்கவோ, சாவுக்கு அழவோ, விசேஷத்துக்குச் சமைக்கவோ போன ஊர்கள்தான்.

"பாப்பா, அந்த ஊர்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லதானே?"

"ஒருத்தரும் இல்ல அண்ணி."

அண்ணி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பாதிப் படியில் நின்று, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த வேலையாக இருவரும் வேலூர் பஸ் பிடிக்கக் கிளம்பினோம். தராசுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையைத் தூக்கினார்.

"ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க? யாரு ஊட்டுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"யாரு ஊட்டுக்கும் இல்ல."